18 என்று எழுதுவதற்கு முன்

கேள்வி:

வணக்கம் சிஸ்டரம்மா. ஜிஎன்எம் நர்சிங் படிப்பு முடித்து, திருவாரூர் மாவட்டத்தில் 30 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. போன ஐப்பசியில் ஒரு நாள் எனக்கு நைட் டியூட்டி. 52 வயது விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவர், தாளடி நடவுக்குப் போய்வந்தவர், டெங்கு என்று சேர்ந்து அன்று இரண்டாம் நாள். வீட்டிலேயே மூன்று நாள் காய்ச்சலோடு இருந்திருக்கிறார். அன்று சாயங்காலம்தான் காய்ச்சல் விட்டது. ராத்திரி 2 மணிக்குப் பார்த்தேன்: டெம்பரேச்சர் 97.6, பல்ஸ் 112, பிபி 100/84, ஆக்சிஜன் சாச்சுரேஷன் 96, மூச்சு நிமிடத்துக்கு 18. "காய்ச்சல் இல்லை, ஸ்டேபிள்" என்று எழுதினேன். "புழுக்கமா இருக்கும்மா, தூக்கம் வரல" என்றார். ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு வந்தேன். 5 மணிக்கு அவர் மனைவி ஓடிவந்தார். போய்ப் பார்த்தால் கை கால் ஜில்லிட்டு, பல்ஸ் கையில் கிடைக்கவில்லை. டாக்டர் வந்து ஃப்ளூயிட் ஏற்றி, 108-ல் தஞ்சாவூருக்கு அனுப்பினோம். எட்டு நாள் கழித்து நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார். ஆனால் டாக்டர் எல்லார் முன்னாலும் "நர்ஸ் என்ன பார்த்துச்சு?" என்று கேட்டது காதிலேயே நிற்கிறது. நர்சிங் ப்ராசஸ், தலை முதல் கால் வரை பரிசோதனை எல்லாம் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேன். படுக்கை பக்கத்தில் போய் நின்றால் எதைப் பார்ப்பதென்று தெரியவில்லை. நோயாளியைப் பார்ப்பது என்றால் என்னம்மா? எந்தப் புத்தகம் வாங்கிப் படிக்கட்டும்?

பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அந்த 18-ஐ எண்ணினாயா?

"நீங்கள்" என்றுதான் எழுத ஆரம்பித்தேன், கை வரவில்லை. என் மகளைவிடச் சின்னவள் நீ. டெல்டா மாவட்டங்களின் அரசு வார்டுகளிலேயே என் சர்வீஸ் முழுக்கக் கழிந்தது. அந்த உரிமையில் கேட்கிறேன்.

குற்றம் சாட்டக் கேட்கவில்லை. எந்த வார்டில் வேண்டுமானாலும், காய்ச்சல், பல்ஸ், மூச்சு மூன்றையும் குறிக்கிற டிபிஆர் சார்ட்டைப் பிரித்துப் பார். பல்ஸ் ஏறி இறங்கியிருக்கும், காய்ச்சல் ஏறி இறங்கியிருக்கும். மூச்சு மட்டும் 18, 20, 18, 20 என்று ஒரே கோடாகப் போகும். நிமோனியாக்காரருக்கும் 20, ஹெர்னியா ஆபரேஷனுக்குக் காத்திருப்பவருக்கும் 20. மற்றதற்கெல்லாம் கையில் ஒரு கருவி இருக்கிறது. மூச்சுக்கு நம் கண்ணும் முழுசாக ஒரு நிமிடமும்தான் கருவி. முப்பது படுக்கைக்கு ஒற்றை ஆளாக ஓடுகிறவளுக்கு அந்த ஒரு நிமிடம் எவ்வளவு பெரிதென்று எனக்குத் தெரியும்.

நானும் எண்ணாமல் எழுதியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பெண்கள் வார்டில் எழுபது வயது ஆத்தா ஒருவர். "நல்லாத்தான் இருக்கேன் தாயீ" என்றார். 20 என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். எங்கள் ஹெட் சிஸ்டர் பின்னாலேயே வந்தவர், ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்து அந்த ஆத்தாவின் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில், புடவை மேலேயே வைத்தார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கண் முன்னால் நீட்டினார். "எண்ணு." எண்ணினேன். 34. என் உள்ளங்கைக்குக் கீழே அந்த வயிறு சின்னப் பறவை மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. ஆத்தா பேசிய வாக்கியம் ஒரே மூச்சில் வரவில்லை. "நல்லாத்தான்..." ஒரு மூச்சு, "இருக்கேன்..." ஒரு மூச்சு. காதில் விழுந்ததை நான் கேட்கவில்லை. இதயம் சோர்ந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருந்த கேஸ் அது. ராத்திரியே டாக்டரைக் கூப்பிட்டு, நீர் பிரிய ஊசி போட்டு, முதுகுக்கு அணை கொடுத்து உட்கார்த்தினோம். விடியும்போது தலையணையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

மூச்சை எப்படி எண்ணுவதென்று சொல்லிவிடுகிறேன். பல்ஸ் பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடி. பல்ஸ் எண்ணி முடித்ததும் கையை விடாதே, பிடித்தபடியே கண்ணை நெஞ்சுக்குக் கொண்டுபோ. "மூச்சை எண்ணப் போறேன்" என்று சொல்லிவிட்டால் யாருடைய மூச்சும் மாறிவிடும். போர்வையை விலக்கு. ராத்திரியானால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடி, முகத்தில் அடிக்காதே. ஒரு முழு நிமிடம். எண்ணும்போதே மற்றதும் கண்ணில் படும்: நெஞ்சு இரண்டு பக்கமும் ஒன்றுபோல எழுகிறதா, கழுத்து நரம்பு புடைக்கிறதா, விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுக்கிறதா, மூக்கு விடைக்கிறதா. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 20-ஐத் தாண்டினால் ஏன் என்று கேள். 25-ஐத் தொட்டால் நடக்காதே, ஓடு. குழந்தை வார்டில் போட்டால் வேறு கணக்கு: இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அதை எட்டினாலே வேகமான மூச்சு.

இனி உன் நோயாளிக்கு வருகிறேன்.

நம்மூர்க்காரிக்குச் சொன்னால் புரிகிற மாதிரி சொல்கிறேன். மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது எந்த ஊர்? கடைமடை. தலைமடைக்காரர் வாய்க்காலில் இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், கடைமடையில் வயல் வெடித்திருக்கும். தண்ணீர் பற்றாத வருஷம் முறை வைத்து விடுவார்கள் இல்லையா? உடம்பும் அப்படித்தான் முறை வைக்கிறது. டெங்குவில் ரத்தக் குழாய்ச் சுவர் கசிந்து, ரத்தத்திலிருக்கும் நீர் வெளியே போய்விடுகிறது. உள்ளே ஓடுவது குறைகிறது. உடனே உடம்பு மூளைக்கும் இதயத்துக்கும் முறையைக் கொடுத்து, தோலுக்கும் கை காலுக்கும் சிறுநீரகத்துக்கும் மடையை அடைத்துவிடுகிறது. பாதம் ஜில்லென்று ஆவதும் சிறுநீர் குறைவதும் அதனால்தான். ரத்தம் போகாத இடத்தில் அமிலம் சேர்கிறது. அதை ஊதித் தள்ள மூச்சு வேகமாகிறது. நுரையீரல் நன்றாகத்தான் இருக்கும், அதனால் சாச்சுரேஷன் 96 என்றே காட்டும். அந்த எண்ணைப் பார்த்து நிம்மதியானவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிபியைப் பார். 100/84. மேலே இருக்கிற 100-ஐ மட்டும் பார்த்தால் ஒன்றும் தோன்றாது, "ஒல்லி ஆளு, இவருக்கு இவ்வளவுதான்" என்று விட்டுவிடலாம். கழித்துப் பார்: 16. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் டெங்குவில் 20-க்கு வந்துவிட்டாலே அதிர்ச்சி நிலை, அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாத ஷாக், என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. கடைமடையை அடைக்கக் குழாய்கள் இறுகுகின்றன, அதனால் கீழ் எண் ஏறுகிறது. ஓட்டம் குறைவதால் மேல் எண் மெல்ல இறங்குகிறது. இரண்டும் கிட்டக் கிட்ட வருகின்றன. மேல் எண் 80, 70 என்று விழும்வரை காத்திருந்தால் அதற்குள் முறை வைக்கவும் தண்ணீர் இராது. டெங்கு வார்டில் பிபி எழுதும்போதெல்லாம் பக்கத்தில் வித்தியாசத்தையும் எழுது. ஒரு கழித்தல் கணக்கு, அவ்வளவுதான்.

அப்புறம் அந்தக் காய்ச்சல். "காய்ச்சல் விட்டுடுச்சு" என்றால் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி, இட்லி வாங்கி வரப் போய்விடுவார்கள். டெங்குவில் அதுதான் கண் கொட்டாமல் பார்க்க வேண்டிய நேரம். காய்ச்சல் தொடங்கியதிலிருந்து மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், சூடு இறங்கும்போதுதான் கசிவு தொடங்குகிறது. ஒரு நாள், இரண்டு நாள் நீடிக்கும். வீட்டில் மூன்று நாள், உன்னிடம் இரண்டாம் நாள் என்றால் அவருக்கு அது ஐந்தாம் நாள். அட்மிஷன் தேதியை வைத்து எண்ணாதே, காய்ச்சல் வந்த தேதியை வைத்து எண்ணு. கேஸ் ஷீட்டின் மேல் பக்கத்தில் பெரிதாக எழுதி வை.

இந்த ஊரில் எல்லாரும் கேட்பது "பிளேட்லெட் எவ்வளவு?" பப்பாளி இலைச் சாறு ஃபிளாஸ்க்கில் வந்துவிடும். நீ அந்த எண்ணோடு பிசிவியையும், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்பதையும், பார். பிளேட்லெட் மளமளவென்று இறங்கும்போது பிசிவி ஏறினால், நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்படுகிறது என்று அர்த்தம். விடாத வயிற்று வலி, அடங்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து போவது, நிலைகொள்ளாமல் புரள்வது, இவையெல்லாம் எச்சரிக்கை. "ஒரு ஊசி போடுங்க சிஸ்டர்" என்று கூட இருப்பவர்கள் கெஞ்சுவார்கள். தசையில் ஊசி வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் எதுவும் கூடாது. பாராசிட்டமால் மட்டும்.

நிலைகொள்ளாமல் புரள்வது என்றேன். அது உன் கடிதத்திலேயே இருக்கிறது. "புழுக்கமா இருக்கும்மா, தூக்கம் வரல." ஐப்பசி அடைமழை ராத்திரி. வார்டில் மற்றவர்கள் எல்லாரும் போர்த்திக்கொண்டு படுத்திருந்திருப்பார்கள். காய்ச்சலும் இல்லாத ஒருவருக்கு மட்டும் ஏன் புழுங்குகிறது? அந்த நேரத்தில் ஃபேன் சுவிட்சுக்குப் போன கை அவர் பாதத்துக்குப் போயிருக்க வேண்டும். போர்வையைக் கால் பக்கம் தூக்கி, புறங்கையால் பாதத்தைத் தொட்டு, அப்படியே மேலே முழங்கால் வரை நகர்த்திப் பார். எந்த இடத்தில் சூடு தொடங்குகிறது என்று கவனி. கணுக்காலிலேயே தொடங்கினால் நல்லது. முழங்கால் வரை ஜில்லென்று ஏறியிருந்தால் கடைமடை மட்டுமல்ல, பாதி ஆயக்கட்டே காய்ந்துவிட்டது. விரல் நகத்தை அமுக்கி விடு, இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். பிறகு மனைவியிடம், "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாங்க?" என்று கேள். கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்று படித்திருப்பாய். 55 கிலோ ஆளுக்கு ஆறு மணி நேரத்தில் 165 மில்லி. ஒரு டம்ளர் அளவு. அதற்கும் குறைவென்றால் டாக்டருக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை. நியூஸ் 2 என்பார்கள். மூச்சு, சாச்சுரேஷன், ஆக்சிஜன் வைத்திருக்கிறோமா என்பது, மேல் பிபி, பல்ஸ், நினைவு, டெம்பரேச்சர் என்று ஏழுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவது. உன் நோயாளிக்கு நீ எழுதியபடியே போட்டுப் பார்த்தேன். பல்ஸ் 112-க்கு 2, பிபி 100-க்கு 2, மற்றதெல்லாம் பூஜ்யம். மொத்தம் 4. "கவனமாகப் பார்த்துக்கொள்" என்கிற அளவு. அன்று 2 மணிக்கு அவர் மூச்சு உண்மையில் எவ்வளவு இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. ஒரு பேச்சுக்கு 26 என்று வைத்துக்கொள். அதற்கு மட்டும் 3. மொத்தம் 7. அது டாக்டர் உடனே வந்தாக வேண்டிய அவசர நிலை. நான்குக்கும் ஏழுக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு நிமிடம்தான். அதனால்தான் முதல் வரியிலேயே அதைக் கேட்டேன்.

இந்த மதிப்பெண்ணைக் கர்ப்பிணிகளுக்கும் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கும் போடாதே, அவர்களின் உடம்புக் கணக்கு வேறு. வயதானவர்களிடம் எண்ணை அப்படியே நம்பாதே. கிருமி ரத்தத்தில் பரவியிருந்தாலும் சிலருக்குக் காய்ச்சலே வராது. நேற்றுவரை பேரன் பெயர் சொன்னவர் இன்று பெயர் தடுமாறினால் அதுதான் முதல் அறிகுறி. அட்டெனலால், மெட்டோப்ரலால் மாதிரி பிபி மாத்திரை எடுப்பவர்களுக்குப் பல்ஸ் ஏற வேண்டிய நேரத்தில் ஏறாது. கருவிகளையும் சந்தேகி: விரல் ஜில்லிட்டிருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் ஆக்சிமீட்டர் தப்பாகச் சொல்லும். பல்ஸ் மெலிந்த ஆளுக்கு டிஜிட்டல் பிபி மெஷினை நம்பாமல், ஸ்டெத் வைத்துக் கையால் பார்.

நம் ஜனங்கள் சொல்லும் வார்த்தைகளுக்கும் காது பழக வேண்டும். பாடப்புத்தகத்தில் நோயாளி "எனக்கு நெஞ்சுவலி" என்பார். கீவளூர்ப் பக்கமிருந்து வருகிற பெரியவர் அப்படிச் சொல்ல மாட்டார். "வாயு பிடிச்சிருக்கு, சோடா குடிச்சேன், கேக்கல" என்பார். நெஞ்சு கரிக்குது, நெஞ்சடைக்குது, தோள்பட்டை இழுக்குது, என்னமோ பண்ணுது என்பார்கள். அதை "கேஸ்ட்ரிக்" என்று எழுதி ஊசி போடச் சொல்லிவிடாதே. நாற்பது தாண்டியவர், அதிலும் சர்க்கரைக்காரர், வியர்த்துக் கொட்டி "வாயு" என்றால் பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுத்துக் காட்டு. அவர் சொன்ன வார்த்தையை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுது. மொழிபெயர்க்காதே. "என்ன செய்யுது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில். நாமே "வலி இருக்கா, வாந்தி இருக்கா" என்று அடுக்கினால் அவர் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே போவார்.

தலை முதல் கால் வரை பரிசோதனை பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதே. ஐந்தாறு நாள் காய்ச்சல், டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்று வந்த ஒருவருக்கு உடம்பு துடைத்துவிடும்போது, இடுப்பில் கறுத்துப்போன அரைஞாண் கயிற்றை நகர்த்தினேன். அதன் அடியில், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவந்திருந்தது. வலியே இல்லை, அதனால் அவருக்கே அது தெரியாது. ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் உண்ணி மாதிரியான நுண்ணிய பூச்சியின் கடியால் வருவது. கண்டுபிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் கேட்கும், விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்துக்கு அடியில், அரைஞாண் கயிற்றுக்குக் கீழே. டாக்டருக்கு ரவுண்ட்ஸில் கிடைக்கிற இரண்டு நிமிடத்தில் இந்த இடங்கள் கண்ணில் படாது. உடம்பு துடைக்கிற நமக்குத்தான் படும். சேற்றில் நின்று வேலை செய்பவர் கெண்டைக்கால் வலி தாங்கவில்லை என்று, கண் சிவந்து வந்தால் எலிக்காய்ச்சலை நினை. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் திருப்பும்போது பிட்டம், குதிகால், காது மடலின் பின்பக்கம் மூன்றையும் பார்.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்கிறேன், டெல்டாவில் இருக்கிறாய் என்பதால். விடிகாலையில் "வயிறு வலிக்குது, தொண்டையை அடைக்குது" என்று தரையில் படுத்துத் தூங்கிய ஒருவர் வந்தால், கண்ணிமையைப் பார். பாதி சொருகியிருந்தால் தூக்கக் கலக்கம் என்று விடாதே, பாம்புக்கடியாக இருக்கலாம். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமும் இருக்காது, பல் தடம்கூடத் தெரியாது. மேலே பார்க்கச் சொல். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல். பத்து நிமிடம் கழித்து மறுபடி எண்ணச் சொல். முன்பு 25 வரை போனவர் இப்போது 15-லேயே நின்றால், மூச்சுத் தசை தளர்ந்துகொண்டிருக்கிறது.

பார்த்துவிட்டாய். அடுத்தது சொல்வது. ராத்திரி 2 மணிக்கு டாக்டரை எழுப்பப் பயம், எனக்குத் தெரியும். "சார், அந்த 9-ம் பெட் பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார்" என்று இழுத்தால் அந்தப் பக்கமிருந்து "காலைல பாக்கலாம்" என்றுதான் வரும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த ஒரு ஒழுங்கு இருக்கிறது: இப்போது என்ன, இதுவரை என்ன, நான் பார்த்தது என்ன, எனக்கு வேண்டியது என்ன. அதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்:

"சார், வார்டு ஸ்டாஃப் பேசுறேன். 9-ம் பெட் டெங்கு பேஷண்ட், 52 வயசு, ஷாக்குக்குப் போறார்னு நினைக்கிறேன். இன்னிக்கு அஞ்சாம் நாள், சாயங்காலம்தான் காய்ச்சல் விட்டுச்சு. பல்ஸ் 112, பிபி 100/84, வித்தியாசம் 16. மூச்சு 26, ஒரு நிமிஷம் எண்ணினேன். பாதம் ஜில்லுன்னு இருக்கு, எட்டு மணிக்கப்புறம் ஒண்ணுக்குப் போகல. நீங்க இப்பவே வந்து பாக்கணும் சார். வர்ற வரைக்கும் எந்த ஃப்ளூயிட், என்ன வேகத்துல விடட்டும்? பிசிவிக்கு ரத்தம் எடுத்துடட்டுமா?"

அரை நிமிடப் பேச்சு. சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து, நேரம் போட்டு எழுது. அவர் வர மறுத்தால் அதையும் எழுது, அடுத்த மேல் ஆளைக் கூப்பிடு. காத்திருக்கும்போது, ட்ரிப் ஏற்ற நரம்பில் போட்டிருக்கும் கேனுலா ஓடுகிறதா என்று பார்த்து வை. ஃப்ளூயிட்டை நீயாக வேகமாகத் திறந்துவிடாதே, டெங்குவில் அதிகமானாலும் நுரையீரலில் போய் நிற்கும். கால் மணிக்கொரு தரம் பல்ஸ், பிபி, மூச்சு, பாதம். செய்ததற்குப் பலன் இருக்கிறதா என்று திரும்பப் போய்ப் பார்ப்பதைத்தான் நர்சிங் ப்ராசஸில் "இவாலுவேஷன்" என்று ஐந்தாவது படியாக எழுதினாய். பரீட்சையில் அதற்கு மதிப்பெண் குறைவு, வார்டில் அதுதான் உயிரைப் பிடித்து நிறுத்துகிறது.

"ஸ்டேபிள்" என்கிற வார்த்தையைக் கொஞ்ச நாளைக்கு எழுதாதே. "விழித்திருக்கிறார், புழுக்கம் என்கிறார், பாதம் குளிர்ச்சி, 8 மணிக்குப் பிறகு சிறுநீர் இல்லை" என்று கண்டதை எழுது. கண்டதை எழுதும்போதே உனக்கே உறைக்கும்.

முப்பது பேரையும் இப்படிப் பார்க்க முடியுமா என்று நினைப்பாய். முடியாது, வேண்டாம். டியூட்டி ஏற்றதும் சார்ட்டைத் தொடாமல் ஒரு நடை போ. ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் பத்து நொடி நின்று முகம், மூச்சு, தோல் நிறம், யூரின் பை, ட்ரிப் பாட்டில் பார். பெயர் சொல்லிக் கூப்பிடு, பதில் எப்படி வருகிறதென்று கேள். ஐந்து நிமிடத்தில் முடியும். யார் மூன்று பேர் இன்றைக்கு உன்னைத் தூங்கவிடாதவர்கள் என்று தெரிந்துவிடும். அந்த மூன்று பேருக்குத்தான் பாதமும் முழு நிமிடமும் மணிக்கொரு தரம். கை மாற்றிக்கொடுக்கும்போதும் நர்ஸ் மேஜையில் உட்கார்ந்து சொல்லாதே, கட்டில் பக்கம் நின்று சொல்.

டாக்டர் எல்லார் முன்னாலும் அப்படிக் கேட்டது தப்பு. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஐந்தாம் நாள் டெங்கு நோயாளியை இன்னின்ன நேரத்துக்கு இன்னின்னது பார் என்று எழுதிக்கொடுக்காமல் அவர் போயிருந்தால் அதிலும் தப்பு இருக்கிறது. முப்பது படுக்கைக்கு ராத்திரி ஒரே நர்ஸ் என்றால் அது நிர்வாகத்தின் தப்பு. அதை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடு, மற்ற ஸ்டாஃபையும் சேர்த்துக் கையெழுத்துப் போடு. ஆனால் இவ்வளவுக்கும் அப்பால் அந்தக் கேள்வி, "நர்ஸ் என்ன பார்த்துச்சு?", நம் வேலையைப் பற்றிய சரியான கேள்விதான். ராத்திரி 2 மணிக்கு அந்த மனிதர் பக்கத்தில் நின்ற ஒரே ஆள் நீ. இரண்டு நாள் கழித்து மறந்துபோகாமல் இத்தனை மாதம் அதை மனதில் வைத்துக்கொண்டு, ஒரு எண்ணையும் ஒளிக்காமல் எழுதிக் கேட்டிருக்கிறாய். இந்த வேலைக்கு அப்படிப்பட்டவர்கள் வேண்டும்.

புத்தகம் கேட்டாய். உன் பாடப்புத்தகமே போதும், ஆறு மாதம் வார்டு பார்த்தபின் திரும்பப் படித்தால் அது வேறு புத்தகமாகத் தெரியும். இப்போதைக்கு ஒரு கடிகாரம் வாங்கு. கையில் கட்டுவது வேண்டாம், கை கழுவ இடைஞ்சல், கிருமியும் சேரும். யூனிஃபார்மில் நெஞ்சுப் பக்கம் குத்திக்கொள்கிற மாதிரி, தலைகீழாகத் தொங்கி நாம் குனிந்து பார்த்தால் நேராகத் தெரியுமே, அது. டிஜிட்டல் வேண்டாம். வினாடி முள் பெரிதாக, இருட்டில் தெரிகிற மாதிரி இருக்கட்டும்.